மெத்ரோப் பக்கம் 14: மூன்று சட்டகமும் ஒரு புத்தக அலுமாரியும்

போன கிழமை பக்கம் வரேல்லை. பரீட்சை முடிஞ்ச கையோட ஸ்தாஜ் தேடுற ஓட்டம் (பயிற்சி வேலைக்கு இங்கத்தைப் பேர்) தொடங்கியிட்டுது. எத்தினை இடத்துக்கு மெயில் போட்டன் எண்டு எண்ணுறதை விட்டே இரண்டு கிழமை. அந்தக் கவலை இன்னொரு நாளைக்கு. இண்டைக்கு ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதப் போறன், கடைசியில உங்களிட்ட உதவியும் கேட்கப் போறன்.

வாற மாசம் இரண்டாம் ஞாயிறு பின்னேரம், ஒபர்வில்லியேயில, நிரல் எழுதுற தமிழாக்கள் ஒரு பதினைஞ்சு இருபது பேர் கூடுறம். பாதிப் பேர் என்னை மாதிரிப் படிக்க வந்தவை. மிச்சப் பேர் இங்கையே பிறந்து, தமிழை வீட்டில கதைச்சு, நிரலைப் பிரெஞ்சில யோசிக்கிற பெடியள் பெட்டையள். பத்து வருசத்துக்கு மேல வேலையில இருக்கிற அண்ணாமாரும் இரண்டு மூன்று பேர் வருவினம். இது நாலாவது சந்திப்பு. முதல் மூன்றும் லாச்சப்பலில ஒரு சாப்பாட்டுக்கடையின்ர மேல்மாடியில நடந்தது. ரோல்ஸ் திறம், ஆனா புரொஜெக்டர் வெளிச்சம் விழுத்த ஒரு வெறுஞ்சுவர் இல்லை, எல்லாச் சுவரிலயும் சாமிப்படம். இந்தமுறை ஒபர்வில்லியேயில ஒரு சங்கத்தின்ர அறை கிடைச்சிருக்கு. 12ம் நம்பர் மெத்ரோ 2022 இல மெரி து ஒபர்வில்லியே வரைக்கும் வந்திட்டுது. மார்க்ஸ் டோர்முவாவில ஏறினால் நாலாவது தரிப்பு. ஆகையால லாச்சப்பல் ஆக்கள் "அவ்வளவு தூரமோ" எண்டு இனி இழுக்கேலாது :-)

தலைப்பு: வலைச் செயலி எழுதுற சட்டகங்களை ஒப்பிடுறது. பிரேம்வேர்க் எண்டதைச் சட்டகம் எண்டு எழுதினால் எங்கட ஆக்களே சிரிக்கினம். கதவு யன்னலுக்கு அடிக்கிற சட்டம்தான் ஞாபகம் வருதாம். எனக்கு அது நல்ல பொருத்தமாத்தான் படுகுது. சட்டத்தை அடிச்சுச் சுவரையும் எழுப்பினாப் பிறகு கதவின்ர அளவை மாத்துறது லேசில்லைத்தானே.

திட்டமிடுற பொறுப்பு என்ர தலையில விழுந்தது. குழுவில "எதை எதை ஒப்பிடுவம்?" எண்டு ஒரு வரி போட்டன். அரை மணித்தியாலத்தில நாற்பது செய்தி. சிம்ஃபொனி, ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல், ஸ்பிரிங், எக்ஸ்பிரஸ், நெக்ஸ்ட், ஃபிளாஸ்க்... ஒராள் "சட்டகமே வேண்டாம், வெறும் பி.எச்.பி காணும்" எண்டார். அவற்றை கதைக்குப் பிறகு வாறன்.

உப்பிடியான ஒப்பீட்டுக் கூட்டங்கள் எப்பிடி நடக்கும் எண்டு உங்களில கனபேருக்குத் தெரிஞ்சிருக்கும். ஒவ்வொருத்தரும் தன்ர சட்டகத்தில பதினைஞ்சு நிமிசத்தில ஒரு சின்னச் செயலியைக் கட்டிக் காட்டுவினம். இந்த வித்தைக்குப் பிள்ளையார் சுழி ரெயில்ஸ்தான். 2004 இல வெளிவந்த ரெயில்ஸுக்கு, அடுத்த வருசம் டேவிட் ஹைன்மெயர் ஹான்சன் பதினைஞ்சு நிமிசத்தில ஒரு வலைப்பதிவை எழுதிக் காட்டின வீடியோ கொண்டு வந்த கூட்டம் கொஞ்சநஞ்சமில்லை. அண்டைக்கு அது உண்மையிலேயே அதிசயம். ஆனா இண்டைக்கு எல்லாச் சட்டகமும் பதினைஞ்சு நிமிசத்தில வடிவாத்தான் இருக்கும். பொம்பிளை பார்க்கப் போன வீட்டில வைச்ச பலகாரத்தைச் சாப்பிட்டுப்போட்டு அந்த வீட்டுச் சமையலைக் கணக்குப் போடேலுமோ?

மற்றது வேக அட்டவணை. டெக்எம்பவர் எண்டு 2013 இல தொடங்கின ஒரு ஒப்பீட்டில நூற்றுக்கணக்கான சட்டகங்களை ஓட்டி, செக்கனுக்கு எத்தினை வேண்டுகோளுக்குப் பதில் குடுக்குது எண்டு வரிசைப்படுத்தினவை. அந்தப் படத்தைத் திரையில போட்டால் ஒரு அரை மணித்தியாலம் சண்டை நிச்சயம். எங்களில ஆரிட்ட செக்கனுக்குப் பத்தாயிரம் பேர் வாற தளம் இருக்கு? ஒருத்தரிட்டையும் இல்லை. இப்ப செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிட்டச் சொன்னால் அதே செயலியை ஐஞ்சு சட்டகத்தில ஒரு மணித்தியாலத்துக்குள்ள எழுதித் தருது. எழுதுற வேகத்தை ஒப்பிடுறதிலயும் பெரிசாப் பிரியோசனம் இல்லை.

அப்ப எதை ஒப்பிடுறது? இதுக்கு விடை சொன்னது நிரலே தெரியாத ஒரு மனிசன்.

அறை தாற சங்கம் சனி ஞாயிறில பிள்ளையளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துது. அங்கை ஒரு புத்தக அலுமாரி இருக்கு. அலுமாரி எண்டுறது மரியாதைக்கு, நாலு இரும்பு இறாக்கைதான். ஆயிரத்துச் சொச்சம் புத்தகம். ஊரிலயிருந்து வந்தது, சென்னையில வாங்கினது, ஆரோ வீடு மாறேக்க குடுத்திட்டுப் போனது. செங்கை ஆழியான்ர நாவல்கள் இருக்கு. டொமினிக் ஜீவா 1966 இல தொடங்கின மல்லிகை இதழ்கள் கட்டுக்கட்டா இருக்கு. இதையெல்லாம் பார்க்கிறவர் அறுபதைத் தாண்டின ஒருத்தர். ஆனா வகுப்புக்கு வாற சின்னன் தொடக்கம் எல்லாருக்கும் அவர் "அண்ணை"தான்.

2011 இல அங்கை வந்துபோன ஒரு மாணவர் இந்த அலுமாரிக்கு ஒரு வலைப்பக்கம் எழுதிக் குடுத்தவர். தேடலாம், ஆர் எந்தப் புத்தகம் கொண்டு போனவை எண்டு பதியலாம். பிறகு அவருக்குத் துலூஸில வேலை கிடைச்சுது, போட்டார். பக்கம் தன்ர பாட்டில ஓடிக்கொண்டு இருந்தது. ஒரு நாள் திறந்தால் வெறும் வெள்ளை.

காரணம் நிரல் எழுதுறவைக்குச் சப்பெண்டு விளங்கும். அந்தக் காலத்துப் பி.எச்.பியில மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோட கதைக்க இருந்த பழைய கட்டளைகள் 2013 இல வந்த 5.5 பதிப்பிலேயே "கைவிடப்படும்" எண்டு அறிவிக்கப்பட்டு, 2015 டிசம்பரில வந்த 7.0 பதிப்பில முழுசா எடுக்கப்பட்டது. 5.6 க்குக் கிடைச்ச பாதுகாப்புத் திருத்தங்களும் 2018 முடிவோட நிண்டு போச்சு. வழங்கி வாடகைக்குக் குடுக்கிறவை பழைய பதிப்பை நிப்பாட்டினதில பிழை சொல்லேலாது. பக்கத்தை எழுதினவரிலயும் பிழை இல்லை, 2011 இல எல்லாரும் அப்பிடித்தான் எழுதினவை. பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு அண்ணை ஒரு சி.ஆர் கொப்பியில எழுதுறார்.

இரண்டு மாசத்துக்கு முந்தி லாச்சப்பலில, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கேக்க கேட்டார்:

"தம்பி, உங்கட கூட்டத்தில எது திறம் எண்டு முடிவெடுப்பியளோ?"

"ஒப்பிட்டுக் காட்டுவம் அண்ணை. முடிவு ஆளுக்காள் வேற வேற."

"அது உங்கட பாடு. எனக்கு ஒண்டு சொல்லு. உதில எதில செய்தால், நீயும் வேலை கிடைச்சுப் போனாப் பிறகு நான் புத்தகம் பதியலாம்?"

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை."

"யோசி. ஆனா கொப்பி முடியப் போகுது."

பாருங்கோ, இதுக்கு மேல நல்ல அளவுகோல் எந்த அட்டவணையில இருக்கு? நான் ஸ்தாஜ் தேடுறன். அது லியோனில கிடைச்சால் லியோனுக்குத்தான் போகோணும். குழுவில இருக்கிற மாணவர்கள் எல்லாருக்கும் இதே நிலைமை. ஆகவே நிகழ்ச்சி நிரலை (நிரலாளர் கூட்டத்துக்கு எவ்வளவு பொருத்தமான சொல்!) இப்பிடி மாத்தியிருக்கிறம்: மூன்று அணி, மூன்று சட்டகம், மூன்று பேருக்கும் ஒரே அலுமாரி. சிம்ஃபொனி, ஜாங்கோ, ரெயில்ஸ். ஆளுக்கு இருபத்தைஞ்சு நிமிசம். செயலியை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வரோணும், கூட்டத்தில ஒருத்தரும் நிரல் அடிச்சுக் காட்டக்கூடாது. எங்களிட்ட இருக்கிற உண்மையான புத்தகப் பட்டியலைத்தான் எல்லாரும் ஏத்தோணும்.

அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் விடேலாது. செத்துப் போன பக்கத்தின்ர தரவுத்தளப் பிரதி ஒண்டு ஒரு பழைய சீடியில இருந்தது. திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. பிரெஞ்சுக்காரற்றை சாய்கோடு போட்ட ஆ, அதுக்குப் பக்கத்தில வட்டத்துக்குள்ள ஆர், திருப்பியும் சாய்கோட்டு ஆ... பக்கம் பக்கமா இதுதான். யுடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்பவும் ஒண்டுதான், இரண்டாவதும் இரண்டு விதத்துக்கு மேல இல்லை. அந்தப் பைட்டுகளை ஐரோப்பிய எழுத்து எண்டு நினைச்சு இன்னொருக்கா மாத்திச் சேமிச்சால் இந்தக் கோலம்தான் வரும். நல்ல காலம், இது திருப்பி எடுக்கக் கூடிய சேதம்.

அதுக்கும் முந்தின ஒரு எக்செல் கோப்பு பாமினியில இருந்தது. பாமினி எழுத்துருவில அடிச்ச காலம் ஞாபகம் இருக்கிற ஆக்கள் கை தூக்குங்கோ! அதில "தமிழ்" எண்டது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துருவை எடுத்தால் மொழியே போச்சு. இரண்டையும் ஒருங்குறிக்கு மாத்தி, ஒரே பட்டியலாச் சேர்த்து, இரட்டிப்பு வந்ததுகளை நீக்கினது எங்கட குழுவில ஒரு தங்கச்சி. இங்கை பிறந்தவ, தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பா. ஒரு இரவு முழுக்க இருந்து செய்துபோட்டு, காலமை நாலு மணிக்கு "எஸ்.பொ எண்டா ஒராளோ ரெண்டு பேரோ?" எண்டு குழுவில கேட்டிருந்தா. சில இடத்தில முழுப்பேர், சில இடத்தில எஸ்.பொ. நியாயமான கேள்விதான்.

சரி, சோதினைக் கேள்விகளுக்கு வருவம். மூன்று அணிக்கும் ஒரே வினாத்தாள். அதில எனக்குப் பிடிச்சது ஒரே ஒரு சொல்லை வைச்சுச் செய்யிறது: "தமிழ்".

முதலில நீளம். எத்தினை எழுத்து? பாலர் வகுப்புப் பிள்ளை மூன்று எண்டு சொல்லும். பி.எச்.பியின்ர பழைய நீளக் கட்டளை 15 எண்டு சொல்லும், அது பைட்டை எண்ணுது. பைதனும் ரூபியும் 5 எண்டு சொல்லும். த, ம, இகர விசிறி, ழ, புள்ளி. விசிறியும் புள்ளியும் தனித்தனிக் குறி. ரூபியில எழுத்துக்கொத்தாப் பிரிக்கச் சொன்னால் 3 வரும். சிம்ஃபொனி 2019 இல 5.0 பதிப்போட ஒரு சரக்கூறு கொண்டு வந்தது. பைட், குறி, எழுத்துக்கொத்து எண்டு மூன்றுக்கும் தனித்தனி வகுப்பு. அதில ஒருங்குறிச் சரம் எடுத்தால் நேரா 3.

இது சும்மா வேடிக்கை இல்லை. புத்தகத் தலைப்பு நீளமா இருந்தால் பட்டியலில வெட்டிக் காட்டோணும். குறிக் கணக்கில வெட்டினால் புள்ளி ஒரு பக்கம், எழுத்து மற்றப் பக்கம் போகும். "தமிழ்" நாலு குறியில வெட்டுப்பட்டால் "தமிழ". "பாலசுப்பிரமணியம்" எண்ட பேரை எடுங்கோ: எங்களுக்குப் பத்து எழுத்து, பைதனுக்கு 16, தரவுத்தளத்தில 48 பைட். பேருக்கு இருபது எழுத்துக் காணும் எண்டு ஒரு பிரெஞ்சுப் பெடியன் நினைக்கிறதில பிழையில்லை. அவன்ர பேர் லூக்.

இரண்டாவது, முகவரி. புத்தகத்தின்ர தலைப்பிலயிருந்து வலை முகவரியில போடுற மாதிரி ஒரு துண்டுச் சொல்லு தானா உருவாக வேணும். மூன்று சட்டகத்திலயும் இதுக்கு ஒரு கருவி இருக்கு. இங்கைதான் எனக்குச் சிரிப்பும் வந்தது, விசரும் வந்தது. ரெயில்ஸிட்ட "தமிழ்" எண்டு குடுத்தால் வெறுமை வருது, ஒண்டுமே இல்லை. தனக்குத் தெரியாத எழுத்தையெல்லாம் கேள்விக்குறியாக்கி, பிறகு அந்தக் கேள்விக்குறியையும் எறிஞ்சிடும். ஜாங்கோவும் சும்மா விட்டால் வெறுமைதான். "ஒருங்குறியை அனுமதி" எண்டு சொன்னால் "தமழ" வருது! விசிறி, புள்ளி ரெண்டையும் கழட்டிப்போடும். ஏனெண்டால் அது கூப்பிடுற பைதன் தேடல் விதியில "சொல்லுக்குரிய எழுத்து" எண்ட பட்டியலுக்குள்ள உயிர்க்குறிகளும் புள்ளியும் இல்லை. தமிழுக்கு மட்டுமில்லை, இந்திக்கும் இதே கதிதான். சிம்ஃபொனி ஐசியூ நூலகத்தின்ர துணையோட ரோமன் எழுத்துக்கு மாத்தித் தருது. வழங்கியில அந்த நீட்சி இருக்கோணும், அது முக்கியம்.

ஒரே சொல்லு, மூன்று சட்டகம், மூன்று விடை. இதைத் திரையில பக்கம் பக்கமா வைச்சுக் காட்டப் போறம். சண்டை பிடிக்கிறதெண்டால் இதை வைச்சுப் பிடிக்கட்டும்.

மூன்றாவது, அகரவரிசை. ஒருங்குறி அட்டவணையில தமிழ் மெய்கள் எங்கட வரிசையில இல்லை. அங்கை ழ முந்தி, வ பிந்தி. ன வெள்ளெனவே வந்திடும், ர பிறகுதான். ஆகவே சும்மா அடுக்கச் சொன்னால் "அழகு" முன்னுக்கும் "அவள்" பின்னுக்கும் வரும். "மனம்" வந்தாப் பிறகுதான் "மரம்" வரும். அகராதியில மறுவளம். போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் 2017 இல வந்த 10ம் பதிப்பிலயிருந்து ஐசியூவின்ர தமிழ் வரிசையைக் கேட்டு வாங்க விடுது. எஸ்கியூலைட் போட்டால் அது பைட்டைப் பார்த்துத்தான் அடுக்கும். ஆயிரத்துச் சொச்சம் வரியை நிரலுக்குள்ளேயே அடுக்கலாம், அதுக்குப் பி.எச்.பியின்ர ஐசியூ நீட்சியில தமிழ் வரிசைக்கான கருவி கையோட வருது. பைதனுக்குத் தனியா ஒரு பொதி நிறுவோணும்.

தேடலும் சோதினையில இருக்கு. ஸ்ரீ எண்டதுக்கு இரண்டு விதமான குறித்தொடர் புழக்கத்தில இருக்கு. ஒண்டு ஸ வில தொடங்குறது, மற்றது 2005 இல ஒருங்குறி 4.1 இல சேர்த்த ஶ வில தொடங்குறது. கனக்க எழுத்துருவில கண்ணுக்கு இரண்டும் ஒண்டுதான். ஒண்டைத் தேடினால் மற்றது அம்பிடாது. இதுக்கு எந்தச் சட்டகமும் விடை தராது, நாங்கள்தான் எழுதோணும். ஆர் அதைச் சுலபமா எழுத விடுகினம் எண்டதுதான் போட்டி.

இனி அண்ணையின்ர கேள்விக்கு நேர் பதில்: ஆதரவுக் காலம். ஒவ்வொரு அணியும் முதல் திரையில இதைப் போடோணும் எண்டு கண்டிசன் வைச்சிருக்கிறன். சிம்ஃபொனியில நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மூன்று வருசம் பிழைதிருத்தம், நாலு வருசம் பாதுகாப்பு. 2025 நவம்பரில வந்த 7.4 அந்த வகை. ஜாங்கோவில நீண்டகாலப் பதிப்புக்கு மூன்று வருசம். 2025 ஏப்ரலில வந்த 5.2 க்கு 2028 ஏப்ரல் வரைக்கும். ரெயில்ஸ் 2024 இல அறிவிச்ச கணக்குப்படி ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு வருசம் பிழைதிருத்தம், இரண்டு வருசம் பாதுகாப்பு. ரெயில்ஸ் அணிக்கு இது கொஞ்சம் நோகும். "கெதி கெதியா ஏத்திக்கொண்டு வந்தால் ஒவ்வொரு தரமும் சின்ன வேலைதான்" எண்டு அவை சொல்லினம். ஆள் இருக்கிற இடத்தில அது சரி. அலுமாரிக்கு ஆள் இல்லை எண்டதுதானே பிரச்சினை.

அதோட வழங்கி. சங்கத்திட்ட இருக்கிறது மலிவான பகிர்வு வழங்கி. பி.எச்.பி கோப்பை ஏத்தினால் ஓடும். ஜாங்கோவும் ரெயில்ஸும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு செயலாக்கம் கேட்கும். அதுக்கு வேற வாடகை, பார்க்கிறதுக்கு ஆள். இந்த இடத்தில சிம்ஃபொனிக்குப் புள்ளி.

ஆனா அண்ணை உண்மையில பார்க்கப் போற திரை எது? பதியிற திரை. அதில ஜாங்கோவை அடிக்க ஆள் இல்லை. தரவு மாதிரியை எழுதி முடிச்சவுடனே நிர்வாகப் பக்கம் தானா வருது. இதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஜாங்கோ பிறந்தது அமெரிக்காவின்ர கன்சாஸில, லோரன்ஸ் எண்ட சின்ன நகரத்துப் பத்திரிகைக் கந்தோரில. ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் செய்தியாளர்கள் அவசரமாப் பதியிறதுக்கு எண்டு எழுதத் தொடங்கினது, 2005 இல பொதுவில வந்தது. நிரல் தெரியாத ஆக்கள் பதியோணும் எண்டுறது அதின்ர பிறவிக்குணம். அதே 2005 இல இங்கை பரிஸ் பக்கம் ஃபபியான் பொத்தான்சியே தன்ர சென்சியோ நிறுவனத்தில வாடிக்கையாளருக்குத் தளம் செய்து குடுக்க எழுதினதுதான் சிம்ஃபொனி. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒவ்வொரு விதம் தேவை, அதால எல்லாம் கழட்டிப் பூட்டக்கூடிய துண்டுகள். பிறகு லாராவெல், ட்ரூபல் எல்லாம் அந்தத் துண்டுகளை எடுத்துத்தான் தங்கட வீட்டைக் கட்டினவை. லாராவெல் அண்ணாவுக்கு இதைச் சொன்னனான். அவர் இன்னும் பதில் போடேல்லை :-)

ஜாங்கோ எண்ட பேர் கிதார்க்காரர் ஜாங்கோ ரைனார்ட்டின்ர பேர் எண்டு கேள்விப்பட்டிருப்பியள். 1928 இல அவற்றை வண்டில் வீட்டில தீப்பிடிச்சு, இடக்கையில இரண்டு விரல் சரியா இயங்காமல் போன இடம் சந்-உவான். ஒபர்வில்லியேயிலயிருந்து மேற்கால, நடுவில சந்-தெனி மட்டும்தான். மிச்ச விரலோட வாசிச்சுத்தான் உலகப் பேர் எடுத்தவர். கன்சாஸ்காரர் வைச்ச பேர் சுத்திச் சுத்தி எங்கட அயலுக்கே வந்து நிக்குது.

என்ர சாய்வு என்ன எண்டு கேட்பியள். எனக்கு வகுப்பில படிப்பிச்சது சிம்ஃபொனி, கைக்கு வசதி அதுதான். ஆனா அண்ணையை நிர்வாகத் திரைக்கு முன்னால இருத்திப் பார்க்காமல் நான் வாக்குப் போட மாட்டன். அதுதான் கூட்டத்தின்ர கடைசி அரை மணித்தியாலம்: ஒவ்வொரு அணியின்ர மடிக்கணினிக்கும் முன்னால அண்ணை, கையில அவர் முந்திக் காணாத பத்துப் புத்தகம். ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. அவர் எங்கை தடக்குப்படுறார் எண்டு எழுதுறதுதான் எங்கட வேலை. முதலில அவர் சம்மதிக்கேல்லை. "என்னைச் சோதினை எழுத வைக்கப் போறியளோ" எண்டார். "இல்லை அண்ணை, எங்களுக்குத்தான் சோதினை, நீங்கள் திருத்துறவர்" எண்டு தங்கச்சி சொன்னாப் பிறகுதான் ஓமெண்டவர்.

மற்ற ஒழுங்குகள் சுருக்கமா. லாராவெல், எக்ஸ்பிரஸ், ஃபிளாஸ்க் ஆக்களுக்கும் "சட்டகமே வேண்டாம்" அண்ணைக்கும் ஆளுக்கு ஐஞ்சு நிமிச மின்னல் பேச்சு. ஃபிளாஸ்க் 2010 இல ஏப்ரல் முட்டாள் பகிடியாத் தொடங்கினது எண்டதையே ஐஞ்சு நிமிசமும் கதைக்க வேண்டாம் எண்டு முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுறன். வெறும் பி.எச்.பி அண்ணையைக் குறைவா எண்ணாதேங்கோ. 2011 பக்கமும் வெறும் பி.எச்.பிதான், அது தன்ர பாட்டில கன வருசம் ஓடினது. ஏன் நிண்டது எண்டு அவரே விளக்கினால் நல்லது.

மொழி: திரையில இருக்கிறது பிரெஞ்சு, கதை தமிழில. இங்கை பிறந்த ஆக்களுக்குச் சட்டகம், வார்ப்புரு, தரவுத்தளம் எல்லாம் புதுச்சொல்லு. எனக்கு அவையின்ர பிரெஞ்சு வேகம் பிடிபடாது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கஷ்டப்படுவம். ஏத்துற தரவில பிள்ளையளின்ர உண்மைப் பேர், போன் நம்பர் ஒண்டும் இருக்கக்கூடாது. புத்தகப் பட்டியல் உண்மை, வாசகர் எல்லாம் கற்பனை. 2018 இலயிருந்து இங்கை தனிநபர் தரவுக்குச் சட்டம் இறுக்கம், அதோட அது சின்னப் பிள்ளையளின்ர விசயம்.

கூட்டம் முடியேக்க ஒரு சட்டகத்தைத் தெரிவு செய்து, இரண்டு பேரைப் பொறுப்பாப் போடோணும். ஒருத்தர் கட்டாயம் இங்கையே குடியிருக்கிற ஆள். தங்கச்சி ஓமெண்டிட்டா. மற்ற ஆளைத் தேடுறம்.

இப்ப உங்களிட்டக் கேட்கிற உதவி. எங்கட சோதினைச் சொற்பட்டியலில முப்பது சொல்லுத்தான் இருக்கு. தேடலைக் குழப்பக்கூடிய, வெட்டினால் உடையக்கூடிய, அடுக்கினால் இடம் மாறக்கூடிய புத்தகப் பேர், ஆள் பேர், ஊர்ப் பேர் இருந்தால் அனுப்புங்கோ. க்ஷ வாறதுகள் கட்டாயம் வேணும், அதை ஒரு எழுத்து எண்டு ஐசியூவும் ஒத்துக்கொள்ளாது. பழைய பாமினிக் கோப்பு மாத்தேக்க கொ, கோ உடைஞ்சு தனிக்கொம்பும் தனிக்காலுமா வந்த அனுபவம் ஆருக்காவது இருந்தால் எப்பிடிச் சரிக்கட்டினியள் எண்டும் எழுதுங்கோ.

பரிஸ் ஆக்கள் நேர வாங்கோ. பின்னேரம் மூன்று மணி, தமிழ் மூன்று மணி இல்லை, பிரெஞ்சு மூன்று மணி. ரோல்ஸ் லாச்சப்பலிலயிருந்துதான் வருது. புரொஜெக்டருக்கு ஐஞ்சு மீற்றர் வயர் ஆரிட்டையாவது இருந்தால் கொண்டு வாங்கோ, அந்த அறையில பிளக் கதவடியில மட்டும்தான் இருக்கு.